ஆடியில் மட்டும் அறைகள் கிடைக்கும்

எங்கள் முதலாளிக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை இருந்தது. கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபமும் இருந்தது. அந்த மண்டபத்துக்கு என் அப்பா மேனேஜர். சம்பளத்தோடு பின்கட்டில் இரண்டு அறை கொண்ட வீடும் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் அப்பா, அம்மா, இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாத நான். வருஷத்துக்கு ஐம்பது அறுபது பெண்களுக்கு என் கண்முன்னால் தாலி ஏறும். அத்தனை பேருக்கும் குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும் எடுத்து வைப்பது நான். சாப்பிட்டுக் கை கழுவ வருகிற ஒவ்வொரு அம்மாளும் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு எப்போம்மா?" என்று ஒரு தடவை கேட்டால்தான் அவர்களுக்குச் சாப்பாடு செரிக்கும்.

ஆடி பிறந்தால் இந்தக் கேள்வியிலிருந்து எனக்கு ஒரு மாசம் விடுதலை. ஆடியில் எவனும் கல்யாணம் செய்ய மாட்டான். மண்டபம் ஓய்ந்து கிடக்கும். சமையற்கட்டில் அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கும், மணமேடையில் பூனை படுத்திருக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாசம், மழையில் நனைந்துகொண்டு இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் வாசலில் வந்து நின்றார்கள். முதுகில் மூட்டை, காலில் டயர்ச் செருப்பு, தலைமுடியைப் பார்த்தால் சீப்புக்கும் அவர்களுக்கும் பரம்பரைப் பகை. "ஹோட்டல்?" என்றார்கள். வாசலில் வாழைமரம் கட்டுகிற கம்பமும், உள்ளே பெரிய கூடமும் பார்த்து ஹோட்டல் என்று நினைத்துவிட்டார்கள். அப்பா விரட்டப் போனார். அன்றைக்கென்று முதலாளி அங்கே இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எதையும் சும்மா விட்டுவைக்கப் பிடிக்காதவர்.

"ஏன் வே வெரட்டுதீரு? சும்மா கெடக்கிற மண்டபத்துல பூனைதானே குட்டி போடுது? இவனுவ நாலு நாள் படுத்துட்டுப் போனா தரை தேஞ்சா போயிரும்?" என்றார்.

அவ்வளவுதான். அவர்கள் ஊரில் காலேஜ் மூடுகிற மாசமும், நம் ஊரில் கல்யாணம் மூடுகிற மாசமும் ஒன்றாக இருப்பதை அன்றைக்கு முதலாளி கண்டுபிடித்தார். அடுத்த ஆடிக்குள் எங்கள் மண்டபத்தின் விலாசம் இவர்கள் தரைவழியாக வருகிற பாதையில் காபூலில் ஏதோ ஒரு டீக்கடைச் சுவரில் எழுதப்பட்டிருப்பதாக ஒருவன் வந்து சொன்னான். முதலாளியின் ஜவுளிக்கடை பாண்டிபஜாரில் எங்கே இருக்கிறது என்று பாதி தி. நகருக்குத் தெரியாது. எங்கள் மண்டபம் காபூலுக்குத் தெரிந்தது. அப்பா இதை எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் கட்டிலும் மூட்டைப்பூச்சியும் கிடைக்கும். எங்களிடம் கட்டில் கிடையாது. கல்யாண ஜமக்காளம் ஒன்று, தலைக்கு வைத்துக்கொள்ள மாப்பிள்ளை வீட்டார் சாய்கிற திண்டு ஒன்று. குளிக்கக் கிணற்றடி, சாப்பிடப் பந்தி பெஞ்சு. அப்பா ஒழுக்கத்தில் குறியாக இருந்தார். பையன்கள் மாப்பிள்ளை அறையில், பெண்கள் மணப்பெண் அறையில். புருஷன் பெண்டாட்டி என்று எவனாவது சொன்னால், "மேரேஜ் எங்கே நடந்தது, எந்த மண்டபம்?" என்று கேட்பார். அவர்கள் முழிப்பார்கள். உடனே ஆளுக்கொரு பக்கம். பட்டுப்புடவையும் பட்டு வேட்டியும் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குச் செய்த மரியாதையைக் கிழிந்த கால்சராய்க்காரர்களுக்கும் குறையில்லாமல் செய்தார். தினமும் காலையில் பன்னீர் தெளிக்காததுதான் பாக்கி.

வாட்ச்மேனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இன்னா சார் இது, ஊர்ல கல்யாணம் கட்டப் போறவன்லாம் மண்டபம் கெடைக்காம அலைஞ்சிக்கினு கீறான், கட்டாதவன்லாம் வந்து மேடை மேல குந்திக்கினு கீறான்" என்று தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பீடி பற்றவைப்பார்.

இவர்களோடு இங்கிலீஷ் பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் பி.ஏ. படித்தவள். படித்ததற்கு அதுவரை கிடைத்த ஒரே உத்தியோகம் அதுதான். கிணற்றடியில் இப்படி அப்படி அவிழ்த்துப் போட்டுக் குளிக்காதே, மணமேடையில் சிகரெட் பிடிக்காதே, தூணில் சாய்ந்து கித்தார் வாசிக்காதே, பக்கத்து வீட்டு மாமா வெளியே வந்தால் கட்டிப்பிடிக்காதே. இதையெல்லாம் ஒரு அட்டையில் அழகான கையெழுத்தில் எழுதி வாசலில் மாட்டினேன். அவர்கள் அதைப் படித்துவிட்டு என் கையெழுத்தைப் பாராட்டினார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள், அட்டையில் எழுதியிருந்ததைத் தவிர.

எல்லாரும் எதிலிருந்தோ விடுபட்டு வந்ததாகச் சொன்னார்கள். வீட்டிலிருந்து, படிப்பிலிருந்து, சோப்பிலிருந்து. ஏழெட்டு தேசம் தாண்டி வந்து, ஒரு மாசத்துக்குக் குறைந்த செலவில் தங்கிக்கொண்டு, "உன் வாழ்க்கை எவ்வளவு எளிமையானது, உனக்கு எவ்வளவு கொடுத்துவைத்திருக்கிறது" என்று என்னைப் பார்த்துச் சொல்வார்கள். அடையாறு வரைக்கும் போய்வர நான் மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ரொம்பக் கொடுத்துவைத்தவள்தான்.

அடையாறு என்று சும்மா சொல்லவில்லை. இவர்கள் வரத் தொடங்கிய இரண்டாம் வருஷம் ஆனி மாசத்தில் அடையாறிலிருந்து ஒரு வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு அது எட்டாவது. சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டு இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு உண்டு. முன்னால் வந்த ஏழு பேரில் இரண்டு வீட்டார் அந்தத் தழும்பை, புடவையில் கறையைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் தழும்பையே பார்க்கவில்லை. தழும்பு வரைக்கும் அவர்கள் கண் ஏறவில்லை, கழுத்து நகையோடு நின்றுவிட்டது.

இந்த எட்டாவது ஆள் பாங்கியில் வேலை. கேசரி சாப்பிட்டார், காபி குடித்தார், அவருடைய அம்மா பேசும்போதெல்லாம் தலையாட்டினார். கிளம்புகிற சமயத்தில் போன ஆடியிலிருந்து வாசலில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "இது நீங்க எழுதினதா? கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். எட்டுப் பேரில் என்னோடு ஒரு முழு வாக்கியம் பேசிய முதல் ஆள். வெட்கமில்லாமல் சொல்ல வேண்டுமானால், அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மாசம் குடித்தனமே நடத்திவிட்டேன். இந்த மனுஷனைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ரொம்ப ஆசைப்பட்டேன்.

ஆவணி நாலாம் தேதி முகூர்த்தம் என்று நிச்சயம் ஆயிற்று. முதலாளி பெரிய மனசு பண்ணி அன்றைக்கு மண்டபத்தை எங்களுக்கே கொடுத்தார். நான் பிறந்து வளர்ந்த மண்டபத்தில் எனக்கே கல்யாணம். மணப்பெண் அறைக்கு ஜன்னல் திரைச்சீலை நானே தைத்தேன்.

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தபோது அந்த மணப்பெண் அறையில் ஒரு ஹாலந்துக்காரப் பெண்ணுக்குக் காய்ச்சல் அடித்தது. பத்தொன்பது வயதுதான் இருக்கும். இரண்டு பையன்களோடு சேர்ந்து பஸ்ஸும் லாரியுமாக அவள் ஊரிலிருந்து இங்கே வரை வந்தவள். மறுநாள் காலையில் முகத்திலும் கழுத்திலும் கொப்புளம். அம்மா வாசற்படியில் நின்று ஒரு பார்வை பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்திருக்கா" என்றாள்.

ஆத்தா வந்ததும் மற்றவர்கள் போனார்கள். அரைமணி நேரத்தில் மாப்பிள்ளை அறை காலி. கூட வந்த அந்த இரண்டு பையன்கள் பாண்டிச்சேரியில் காத்திருப்பதாகச் சொல்லி, பாதிப் பற்பசையை அவளுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். எல்லாக் கட்டுகளிலிருந்தும் விடுபட்டவர்கள், இதிலிருந்து மட்டும் விடுபடாமல் இருப்பார்களா?

அப்பா ஒரு டாக்டரை ரகசியமாகக் கூட்டிவந்தார். சின்னம்மைதான், பயமில்லை என்று டாக்டர் வாசலில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனார். அப்போது பெரியம்மை யாருக்காவது கண்டால் தகவல் சொல்பவருக்குப் பரிசு என்று சர்க்கார் சுவரெல்லாம் எழுதிப்போட்டிருந்த காலம். வாட்ச்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெருசுன்னு சொல்ல முடியாதாம்மா? கொஞ்சம் பெருசாத்தானே கீது?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. "ரிக்‌ஷா வெச்சு தொத்துநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். இன்னும் பத்து நாள்ல முகூர்த்தம். சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

அம்மா நடையில் குறுக்கே நின்றுகொண்டாள். "வீடு தேடி வந்த ஆத்தாவை ரிக்‌ஷாவுல ஏத்தி அனுப்புவீங்களா? அனுப்பிட்டு அந்த ரூம்லயே நம்ம பொண்ணை உக்கார வெப்பீங்களா? அந்தப் பொண்ணுக்கு இங்க அம்மா உண்டா அப்பன் உண்டா? மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் அவ இங்கதான் இருப்பா."

நான் யார் பக்கம் என்று கேட்டால், அப்பா பக்கம். இங்கே நல்லவள் வேஷம் போட்டு என்ன ஆகப்போகிறது? அந்தப் பெண் ரிக்‌ஷாவில் போனாலும் சரி, பல்லக்கில் போனாலும் சரி, என் கல்யாணத்துக்கு முன்னால் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். உலகம் முழுக்கச் சுற்றியவளுக்கு, படுத்துக்கொள்ள என் அறைதானா கிடைத்தது?

ஆனால் எனக்கு ஏற்கெனவே அம்மை போட்டுவிட்டதால் திரும்ப ஒட்டாது, இங்கிலீஷும் தெரியும். ஆகவே அவளைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகமும் எனக்கே வந்தது. நலங்குக்கு என்று இடித்து வைத்திருந்த மஞ்சளை வேப்பிலையோடு அரைத்து அவளுக்குப் பூசினேன். வேப்பிலையைப் பரப்பிப் படுக்கவைத்தேன். சொறியப் போன கையைத் தட்டிவிட்டேன். கேழ்வரகுக் கூழும் இளநீரும் கொடுத்தேன். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டதால் அப்பாவும் அதே கூழைத்தான் குடித்தார். முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் இருந்தது.

இரண்டாம் நாள் அந்தப் பெண் கேட்டாள், தன் உடம்புக்கு என்ன என்று. எங்கள் ஊர்ச் சாமி ஒருத்தி உன் மேல் வந்து தங்கியிருக்கிறாள், அவளுக்குச் சூடு ஆகாது, சத்தம் ஆகாது, அவள் மனசு குளிர்ந்தால் தானாகப் போய்விடுவாள் என்று விளக்கினேன்.

"எப்போது அறையைக் காலி செய்வாள்?" என்று கேட்டாள்.

சிரித்துவிட்டேன். அதே கேள்வியை அப்பாவும் தினமும் மூன்று வேளை அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா விரலை மடக்கி எண்ணி, ஏழாம் நாள் முதல் தண்ணீர், ஒன்பதாம் நாள் இரண்டாவது, பதினோராம் நாள் மூன்றாவது என்றாள். பதினோராம் நாள் ஆவணி நாலு. என் முகூர்த்த நாள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "ரெண்டு தண்ணியோட முடிச்சுக்க ஆத்தாகிட்ட கேட்டுப் பாரேன்" என்றார்.

பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேப்பிலைச் சண்டை தொடங்கியது. அம்மை போட்டிருக்கிற வீடு என்று ஊருக்குத் தெரிய வாசலில் வேப்பிலை செருக வேண்டும். அதைப் பார்த்தால் பிச்சைக்காரன்கூட உள்ளே வர மாட்டான். அம்மா காலையில் செருகுவாள். அம்மா உள்ளே போனதும் அப்பா பிடுங்கி வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொள்வார். மத்தியானம் அம்மா பார்த்துவிட்டு மறுபடி செருகுவாள். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷக் குடித்தனம் என்றால் சும்மாவா?

ராத்திரியெல்லாம் அவள் தன் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டு அனத்தினாள். எந்த ஊர் பாஷையாக இருந்தால் என்ன, அந்த ஒரு வார்த்தை எல்லாருக்கும் புரியும். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாலாம் நாள் நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தேன். அப்போதும் மனசுக்குள் முகூர்த்த நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டும் ஒன்றாக நடந்தது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்தாள். வாசல் வேப்பிலை அப்பாவின் வேட்டி மடிப்பில் இருந்தது. அப்போது வாசலில் டாக்சி வந்து நின்றது. அடையாறு சம்பந்தி அம்மாள் இறங்கினாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள்.

"ஆடியில நல்ல காரியம்தான் பேசக் கூடாது. பாத்திரம் பண்டம் பாக்கலாம், தப்பில்ல" என்று அவளே ஒரு சாஸ்திரம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய மகள், மாப்பிள்ளைக்குத் தங்கை. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தவள். ஏழு மாசம். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்.

நான் பின்கட்டில் வேப்பிலை வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பேச்சு எல்லாம் கேட்டது. அப்பா முதலில் சமையற்கட்டைக் காட்டினார். அண்டாவுக்கு ஈயம் பூசியது போதாது என்றாள் அந்த அம்மாள். மாப்பிள்ளை அறையைக் காட்டினார். விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்றாள். கூடத்தில் ஊதுபத்தி வாசனைக்குப் பதில் வேப்பிலை வாசனை வருகிறதே என்றாள். கொசுவுக்கு என்று அப்பா சொன்னார். அந்த மனுஷன் அதற்கு முன் யாரிடமும் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காகச் சொன்னார்.

"பொண்ணு ரூம் எது?"

"அது... வெள்ளை அடிச்சிருக்கு. ஈரம் காயல. இன்னொரு நாள் பாக்கலாமே."

"அம்மா, எனக்குக் கால் கடுக்குது. ரெண்டு நிமிஷம் படுக்கணும்" என்றாள் மகள். "ஈரமா இருந்தா என்ன, அந்த ரூம் சில்லுனுதானே இருக்கும்?"

வளையல் சத்தம் மணப்பெண் அறைப் பக்கம் போவது கேட்டது. அப்பா ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அப்பா சொல்லவில்லை. அவர் அப்படியே நின்றதை நான் பார்க்காமலே பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் என் கல்யாணம் போய்விடும். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் அரை நிமிஷம் நின்றேன். அந்த அரை நிமிஷத்துக்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஓடினேன். நான் கூடத்துக்கு வந்தபோது அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். மண்டபம் கல்யாணக் கூட்டத்துக்காகக் கட்டினது. காலியாக இருந்தால் ஒரு சத்தம் பத்துச் சத்தமாகக் கேட்கும். "உள்ள அம்மை போட்டிருக்கு! வாயும் வயிறுமா இருக்கறவங்க இங்க நிக்கவே கூடாது. வெளிய போங்க! ரெண்டு பேரும் முதல்ல வெளிய போங்க!"

அந்தப் பெண் நெருப்பைத் தொட்டதுபோல் கையை எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். என் கையில் வேப்பிலைத் தண்ணீர்ச் செம்பு, தலை அவிழ்ந்து கிடந்தது, புடவையெல்லாம் மஞ்சள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய் டாக்சியில் ஏறினாள்.

அப்பா மணமேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி மடிப்பிலிருந்து வேப்பிலை உதிர்ந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டே, "நீ சொன்னது சரிதாம்மா" என்றார். அப்புறம், "கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்" என்றார்.

அதற்கு மூன்றாம் நாள் தரகர் வந்தார். ஜாதகம் கொண்டுவந்தபோது சாப்பிட்ட அதே இடத்தில் உட்கார்ந்து, கூழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேசினார். சம்பந்தி வீட்டார் ரொம்பப் பெருந்தன்மையானவர்களாம். அம்மை யாருக்குத்தான் வரவில்லை, அது தெய்வ காரியம் என்று சொன்னார்களாம். வெள்ளைக்காரப் பெண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டது தர்மமாம். மறைத்ததுகூடப் பெண்ணைப் பெற்றவர்கள் செய்கிறதுதான் என்று விட்டுவிட்டார்களாம்.

"அப்புறம் என்ன?" என்றாள் அம்மா.

தரகர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "பொண்ணு ரொம்பச் சத்தம் போட்டுப் பேசுதாமே. நாளைக்கு வாழப்போற வீட்டு மாமியாரையே வெளிய போங்கன்னு சொன்ன பொண்ணு... அவங்களுக்குப் பயமா இருக்காம்."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், நான் சொன்னது சரி என்று. முதலாளி ஒத்துக்கொண்டார், பக்கத்து வீட்டு மாமா ஒத்துக்கொண்டார், வாட்ச்மேன்கூட ஒத்துக்கொண்டார். "கரீட்டாத்தான் சொல்லிக்கீறே. கொஞ்சம் சவுண்டு கம்மி பண்ணியிருந்தா ஜோரா இருந்திருக்கும்" என்றார். ஒரு கர்ப்பிணி கதவைத் திறப்பதற்குள் அதை எந்த ராகத்தில், எந்த ஸ்ருதியில் சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லித்தரவில்லை.

நான் அந்த மனுஷனுக்காகக் காத்திருந்தேன். தரகர் பேச்சு அவர் அம்மாவின் பேச்சு. அவர் வருவார், இல்லாவிட்டால் ஒரு கார்டு போடுவார் என்று நினைத்தேன். தபால்காரர் வருகிற நேரம் தினமும் வாசலைப் பெருக்கினேன். ஒரே நாளில் ஒரு வாசலை எத்தனை தடவை பெருக்க முடியும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். ஆவணி நாலு வந்தது. அவர் வரவில்லை, கார்டும் வரவில்லை.

அன்று காலை முகூர்த்த நேரத்தில் கிணற்றடியில் அந்த ஹாலந்துக்காரப் பெண்ணுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினேன். வெயிலில் வைத்த தண்ணீர், வேப்பிலை, மஞ்சள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, நான்தான் சொல்லியிருந்தேன். தன்னால்தான் என்று அவள் அழுதாள். "உன்னால் இல்லை, தலையைக் குனி" என்றேன். செம்பு செம்பாக ஊற்றினேன். அடுத்த தெருவில் எவர் கல்யாணத்திலோ கெட்டிமேளம் கொட்டியது. அப்போது நானும் அழுதேன். தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் அழுவது சௌகரியம், யாருக்கும் தெரியாது.

அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து கடிதம் எழுதினாள். அவள் அம்மா வீட்டில் மாடியில் ஓர் அறை இருக்கிறதாம். நான் எப்போது ஹாலந்து வந்தாலும், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாமாம், வாடகை கிடையாதாம். அடையாறிலேயே இடம் கிடைக்காதவளுக்கு ஹாலந்தில் கிடைத்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்ல பொண்ணு" என்றாள்.

மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த வருஷம் முதலாளி அதற்கும் அறை விட ஆரம்பித்திருந்தார். மண்டபம் மறுபடி மூட்டைக்காரர்களால் நிறைந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் ரிக்‌ஷாவிலிருந்து அந்தத் தங்கை இறங்கினாள். தனியாக வந்திருந்தாள், கையில் துணியில் சுற்றின குழந்தை. மயிலாப்பூர்க் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளாம். பெண் குழந்தை. குண்டுக் கன்னம், உடம்பில் ஒரு மச்சம்கூடக் கிடையாது. மணப்பெண் அறை வாசலில் நின்றபடியே குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கு நீங்க கத்தலேன்னா நான் உள்ள போயிருப்பேன்" என்றாள். "டாக்டரம்மாகிட்ட சொன்னேன். யாரோ ஒரு புண்ணியவதின்னாங்க."

எனக்கு அதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டுவிட்டேன். "உங்க அண்ணன் என்ன சொன்னார்?"

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். "தை மாசம் அண்ணனுக்குக் கல்யாணம். பொண்ணு மாம்பலம். அதிர்ந்து பேசாதாம், அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"அதைக் கேக்கல. நம்ம விஷயம் முறிஞ்சப்போ அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"அம்மா சொன்னதுக்குத் தலையாட்டினான். அண்ணன் எப்பவுமே சத்தமா பேச மாட்டான்."

அந்த நேரம் குழந்தைக்குப் பசி வந்துவிட்டது. வாயைத் திறந்து ஓர் அலறல் அலறியது. மூன்று மாசக் குழந்தைக்குள் அவ்வளவு குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, மண்டபமே அதிர்ந்தது. கித்தார்க்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. "உஷ், உஷ், என்னடி சத்தம், பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு சத்தமா?" என்று சொல்லிக்கொண்டு குழந்தையின் வாயைப் பொத்தப் போனாள்.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். "கத்தட்டும், விடுங்க" என்றேன்.